நேரம் கிடைக்காது, ஏற்பாடுதான் பண்ணணும்

"மனசு இருந்தா நேரம் தானா கிடைக்கும்ப்பா."

வடக்கே வேலை பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்ப்பக்கம் தலை காட்டுகிற எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது ஒரு பெரியப்பா தோளில் கை போட்டுச் சொல்வார். அங்கே எதிர்வாதம் பண்ண முடியாது. தலையாட்டிவிட்டு இலை போட்டாச்சா என்று பார்க்கப் போய்விடுவோம். இங்கே பண்ணலாம் :-)

என் கட்சி இதுதான். மனசு எல்லாருக்கும் இருக்கிறது. அப்பா அம்மாவோடு பேசணும், பழைய நண்பனைப் பார்க்கணும், பிள்ளைகளோடு உட்காரணும், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாகத் தூங்கணும் என்று நினைக்காதவர் யார்? மனசு வைத்தால் நடக்கும் என்றால் இந்நேரம் எல்லாருக்கும் நடந்திருக்கணுமே. இல்லாமல் இருப்பது ஏற்பாடு.

அடியேன் காமர்ஸ் படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இருபது வருஷத்துக்கு மேல் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரியும். "செலவெல்லாம் போக மிச்சம் இருப்பதைச் சேர்க்கலாம்" என்று சொல்கிறவர் சேர்ப்பதே இல்லை. சம்பளம் வந்த அன்றைக்கே ஆர்.டி.க்கு இவ்வளவு பிடித்துக்கொள் என்று ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, அதை மறந்தே போனவர்தான் சேர்த்திருக்கிறார். சம்பளம் பெரிசா சின்னதா என்பதுகூட இரண்டாம்பட்சம்தான்.

நேரமும் அப்படித்தான். மிச்சம் என்று ஒன்று வரவே வராது. இதற்கு எங்கள் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. 2015 செப்டம்பர் 1 முதல் வங்கிகளுக்கு இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகள் விடுமுறை என்று வந்தது. (பதிலுக்கு மற்ற சனிக்கிழமைகளின் அரைநாள் போய் முழுநாள் ஆனது.) மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமை முழுசாக! என்னென்னவோ திட்டம் போட்டோம். ஆறே மாசத்தில் அந்தச் சனிக்கிழமைகளை கேஸ் சிலிண்டர், பேரன்ட்ஸ் மீட்டிங், கார் சர்வீஸ், வங்கியின் கடன் முகாம், ரெக்கவரிக்கு அலைவது எல்லாம் பங்கு போட்டுக்கொண்டன. நேரம் கூடியது. ஓய்வு கூடியதா என்று எந்த வங்கிக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சரி, ஏற்பாடு என்றால் என்ன? நான் அதைப் பார்த்தது கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு.

லேக் மார்க்கெட் பக்கம் வீடு. ஒரு காலத்தில் நம்மவர்கள் நெருக்கமாகக் குடியிருந்த பேட்டை. இப்போது எண்ணிக்கை குறைந்துவிட்டாலும் முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் ஃபில்டர் காபிப் பொடிக்கும் பஞ்சமில்லை. நான் சொல்ல வந்தது அதை இல்லை. பெங்காலிகளின் 'ஆட்டா'வை. (கோதுமை மாவு இல்லைங்க. கூடி உட்கார்ந்து அரட்டை அடிப்பதற்கு இங்கே அதுதான் பெயர். கோதுமை மாவை இங்கே ஒரு மாதிரியும் இதை வேறு மாதிரியும் சொல்கிறார்கள். என் நாக்குக்கு இன்னும் வித்தியாசம் பிடிபடவில்லை.)

இவர்கள் அதை ஒரு கலையாகவே நினைக்கிறார்கள். சத்யஜித் ராய் தன் கடைசிப் படமான 'ஆகந்துக்'கில் (1991) ஆட்டாவைப் பற்றியே பாத்திரங்களை வாதாட விட்டிருப்பார். கல்லூரி வீதியில் பழைய ஆல்பர்ட் ஹால் கட்டிடத்தில் இருக்கும் காபி ஹவுஸைப் பற்றி மன்னா டே பாடிய பாட்டு 1983-இல் வந்தது. ஒரே மேஜையில் உட்கார்ந்து அரட்டை அடித்த நண்பர்கள் பாரிஸ், டாக்கா என்று திசைக்கு ஒருவராய்ப் போய்விட்ட கதை. இன்றைக்கும் அதைக் கேட்டுக் கண் கலங்குகிற ஆசாமிகள் எங்கள் கிளையிலேயே இருக்கிறார்கள்.

வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசலையொட்டி ஒரு மேடை இருக்கும். 'ரக்' என்பார்கள். நம்ம திண்ணையேதான். தெற்கே எங்கள் பக்கம் ரவீந்திர சரோவர் ஏரிக்கரை பெஞ்சுகள். காலை ஆறரைக்கு நடைப்பயிற்சி முடித்து ஒரு கூட்டம் அங்கே கூடும். அதில் ஒரு தாதா எனக்குப் பழக்கம். (பயப்பட வேண்டாம், இங்கே தாதா என்றால் அண்ணன்.) பணி ஓய்வு பெற்ற இன்ஜினியர். இருபத்தைந்து வருஷமாக அதே பெஞ்ச், அதே நேரம் என்றார்.

கவனித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. வராவிட்டால் கோபமில்லை. விருந்து வைக்கிறவர் கிடையாது, அதனால் செலவும் அலைச்சலும் கிடையாது. இடமும் நேரமும் மட்டும் மாறாது. வருவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. எங்கே, எப்போது, யார் வீட்டில் என்ற கேள்வியே இல்லை.

நம்ம வழக்கத்தை யோசியுங்கள். "ஒருநாள் மீட் பண்ணணும்டா." அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் தேதி கேட்டு நாற்பது மெசேஜ். ஒருத்தனுக்கு ஆடிட், ஒருத்தனுக்குப் பெண்ணுக்குப் பரீட்சை. கடைசியில் கட்டைவிரல் படம் ஒன்று, கூட்டம் காலி. அந்த நாற்பது மெசேஜ்தான் நட்பைக் கொல்கிறது என்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டிய எதுவும், வேலை அதிகமான மாசத்தில் முதலில் அடிபடும்.

இதைப் பார்த்து நாங்கள் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒரு முடிவு எடுத்தோம். மாசத்தின் முதல் ஞாயிறு, காலை எட்டரை, ஒவ்வொரு முறையும் ஒரு வீடு, சுற்று முறையில். தேதி பேசக் கூடாது. முடிந்தவர் வரலாம்.

முடிவை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். தங்கமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். (வீட்டம்மாவுக்கு அதுதான் இங்கே பெயர், பழைய ஆட்களுக்குத் தெரியும்.)

"பதினாறு பேருக்கு இட்லிக்கு யார் அரைக்கறது?"

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிற எந்தக் கட்டுரையையும் நம்பாதீர்கள். ஆண்களின் ஓய்வு என்று நாம் சொல்வதில் பாதி, பெண்களின் கூடுதல் வேலை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிஷம். செய்கிற ஆண்களுக்கு 88 நிமிஷம். கவனியுங்கள், அந்த 88-ம் வேலையே செய்யாத ஆண்களை விட்டுவிட்டு எடுத்த சராசரி!

ஆகவே விதி திருத்தப்பட்டது. ஒரு வீட்டில் ஒரே பதார்த்தம், அதுவும் கிச்சடி, உப்புமா, பிரெட் மாதிரி. செய்வது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது ஆண்கள். இந்த விதி வந்த பிறகுதான் கூட்டமே நிலைத்தது. உப்புமா எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். யாரும் அதற்காக வருவதில்லை.

தங்கமணியின் கேள்வி இன்னொரு இடத்துக்கும் கொண்டுபோனது. எங்கள் கிளையில் பணப்பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஜாயின்ட் கஸ்டடி என்போம். இரண்டு அதிகாரிகளிடம் ஒவ்வொன்று இருக்கும். ஒருவரால் மட்டும் திறக்க முடியாது. ஒருவர் லீவில் போனால் சாவியை இன்னொரு அதிகாரியிடம் கொடுத்து ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அதற்கப்புறம் அவருக்கு வீட்டில் நிம்மதியாகத் தூக்கம் வரும், ஏனென்றால் பொறுப்பு கை மாறிவிட்டது.

வீட்டிலோ எல்லாச் சாவியும் ஒரே ஆளிடம். கேஸ் எப்போது புக் பண்ணணும், பால்காரனுக்கு எத்தனை நாள் கழிக்கணும், பெண்ணின் ட்யூஷன் ஃபீஸ் எந்தத் தேதி, கரண்ட் பில் எந்த நம்பர், வேலைக்கு வரும் மாஷி எந்த வாரம் ஊருக்குப் போகிறார், ஊரில் மாமாவுக்குக் கண் டாக்டர் எப்போது வரச் சொன்னார்... எல்லாம் ஒருத்தி தலைக்குள். அவர் எங்கே போனாலும் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். இதில் "நீ ரெஸ்ட் எடுத்துக்கோ" என்று சொன்னால் என்ன அர்த்தம்?

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். நாற்பது பக்க நோட்டு. இருபத்தேழு தலைப்பு வந்தது. பெண்ணும் சேர்ந்துகொண்டாள். இருபத்தேழில் பதினொன்றை நானும் நாலைப் பெண்ணும் சார்ஜ் எடுத்துக்கொண்டோம். நோட்டு ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது. அடுத்த மாசம் தங்கமணி பெங்களூரில் தங்கை வீட்டுக்கு ஐந்து நாள் போய் வந்தார். போவதற்கு முன் சாம்பாரை டப்பா டப்பாவாக அடைத்து வைக்கவில்லை. திரும்பி வந்து சொன்னார்: "அஞ்சு நாளும் 'அது எங்க இருக்கு'ன்னு கேட்டு ஒரு போன் வரலை பாருங்க, அதுதான் லீவு."

ஓய்வுக்கு இதைவிட நல்ல இலக்கணம் நான் படித்ததில்லை. ஓய்வு என்பது வேலை செய்யாமல் இருப்பது மட்டும் இல்லை. நாம் இல்லாமலும் நடக்கும் என்று தெரிந்து இருப்பது.

வங்கிகளில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. முக்கியமான பொறுப்பில் இருக்கும் ஊழியரை வருஷத்துக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள் கட்டாய லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. அந்த நாட்களில் அலுவலக மின்னஞ்சல் தவிர வேறெதையும் திறக்க முடியாது. யாராவது தில்லுமுல்லு செய்து மறைத்துக்கொண்டிருந்தால் ஆள் இல்லாதபோது வெளியே வரும் என்பதுதான் கணக்கு. நம்பிக்கை இல்லாததால் கொடுக்கிற லீவு :-) ஆனால் எனக்குத் தெரிந்து வங்கி அதிகாரிகளுக்குக் கிடைக்கும் உண்மையான லீவு அது ஒன்றுதான்.

எனக்கும் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் சொன்னார்கள், செவ்வாய் முதல். தத்காலில் சென்னை மெயில் பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் கும்பகோணம். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம், அதனால் நான் மட்டும்.

ஊருக்கு நாம் வழக்கமாகப் போகிற லீவு எப்படி? முதல் நாள் பயணக் களைப்பு. இரண்டாம் நாள் குலதெய்வம். மூன்றாம் நாள் அத்தை வீடு, நாலாம் நாள் ஒரு கல்யாணம், ஐந்தாம் நாள் துணிக்கடை, ஆறாம் நாள் பெட்டி கட்டு. இந்தத் தடவை ஒன்றும் கிடையாது. சும்மா இருந்தேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, மத்தியானம் கூடத்தில் இரண்டு பேரும் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா பேச ஆரம்பித்தார்.

அப்பாவுக்கு 78 வயது. ரிடையரான நாள் முதல் தினம் சாயங்காலம் மகாமகக் குளத்துப் படிக்கட்டில் ஐந்து நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார். போனில் கேட்கும்போதெல்லாம் "குளத்துப் பக்கம் போயிட்டு வந்தேன்" என்பார். அன்றைக்குத்தான் சொன்னார், போய் எட்டு மாசம் ஆகிறதாம். ஐந்து பேரில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். ஒருவரைப் பையன் புனேவுக்கு அழைத்துப் போய்விட்டான். மிச்சம் இருப்பவர் செட்டி மண்டபம் பக்கம். அவருக்கு நடக்க முடியவில்லை, அப்பாவுக்கு முழங்கால்.

"ஏம்ப்பா போன்ல சொல்லலை?"

"அங்கேர்ந்துண்டு நீ என்னடா பண்ணுவே? கவலைதான் படுவே."

பத்து நிமிஷ போனில் இந்த விஷயம் வராது. வருஷா வருஷம் ஓடுகிற ஆறு நாள் லீவிலும் வராது. சும்மா இருக்கிற ஒரு மத்தியானம் வேண்டும்.

இந்த இடத்தில் "இனிமே அடிக்கடி வரணும்" என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொள்வதுதான் நம் வழக்கம். அந்தச் சத்தியம் அடுத்த காலாண்டு கிளோசிங் வரைக்கும்கூடத் தாங்காது என்பது கணக்குத் தெரிந்தவனுக்குத் தெரியும். அதனால் வேறு செய்தேன். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் அப்பாவைத் தெரிந்த பையன் ஒருவன். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து அப்பாவை அந்த நண்பர் வீட்டில் விட வேண்டும், ஏழு மணிக்குத் திரும்ப அழைத்து வர வேண்டும். மாசத்துக்கு இவ்வளவு என்று பேசி, முதல் தேதி அவன் கணக்குக்குத் தானாகப் போகிற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுவிட்டேன். "எதுக்குடா வெட்டிச் செலவு" என்று அப்பா மூன்று நாள் சண்டை போட்டார். ஆனால் முதல் வெள்ளிக்கிழமை நாலரைக்கே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார் என்று அம்மா சொன்னாள்.

நான் அங்கே இல்லை. ஏற்பாடு இருக்கிறது.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், கசப்பானதுதான். வருஷத்துக்கு எட்டு நாள் அப்பா அம்மாவோடு இருக்கிறோம் என்று வையுங்கள். இன்னும் பத்து வருஷம் அவர்கள் இருந்தால் நமக்குக் கையில் இருப்பது 80 நாள். மூன்று மாசம்கூட முழுசாக இல்லை. "எப்ப வேணா பார்த்துக்கலாம்" என்று நினைப்பது இந்த இருப்பைத்தான். எட்டைப் பன்னிரண்டாக ஆக்க முடியுமா என்று இப்போது ஜனவரியிலேயே கேலண்டரில் குறித்து, டிக்கெட் புக்கிங் திறக்கிற நாளையும் குறித்து வைத்துவிடுகிறேன். டிக்கெட் கையில் இருந்தால் மேலதிகாரியிடம் பேசுவதற்கும் ஒரு தைரியம் வருகிறது.

ராத்திரி போன் விஷயத்தில் ஒரே ஒரு வரி. வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொல்லையிலிருந்து விலகியிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நாம் அதுவரை காத்திருக்க முடியாது. கிளையில் சொல்லி வைத்திருக்கிறேன்: ஒன்பதரைக்கு மேல் அவசரம் என்றால் போன் அடியுங்கள், எடுப்பேன், மெசேஜ் என்றால் காலையில்தான். மெசேஜ் அனுப்புவது சுலபம், போன் அடிக்க யோசிக்க வேண்டும். அந்த ஒரு யோசனையிலேயே முக்கால்வாசி அவசரம் அடங்கிவிடுகிறது.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டால், மார்ச் மாசத்தில் ஒன்றும் நடக்காது. வருஷக் கிளோசிங் என்றால் எங்கள் வீட்டில் நான் ஒரு லாட்ஜ் வாடிக்கையாளர் மாதிரிதான். பரவாயில்லை. ஆர்.டி.யில் ஒரு தவணை தவறினால் சின்ன அபராதம் உண்டு, அவ்வளவுதான், அதற்காக யாரும் கணக்கை மூடிவிட்டுப் போவதில்லை. ஏப்ரலில் முதல் ஞாயிறு வரும். உப்புமா யார் வீட்டில் என்பது ஏற்கனவே முடிவான விஷயம்.

உங்களால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது, என்னாலும் முடியவில்லை. ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். "ஒருநாள் பேசணும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கிழமையும் மணியும் குறித்துக் கொடுங்கள். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி, இருபது நிமிஷம் என்றால் அது. விசேஷம் எதுவும் வேண்டாம், பேச விஷயமும் வேண்டாம். நாலு வாரம் போனால், ஆறு மணிக்கு அந்தப் பக்கமிருந்தே போன் வரும்.